புதிதாய்ப் போட்ட வீல் பேரிங் ஏன் சீக்கிரம் போகிறது? நெல்லைப் பக்கம் ஜீப் வாங்கியவர்களுக்கு

பழைய ஜீப்போ, தாரோ, ஜிப்ஸியோ வாங்கி ஓட்டத் தொடங்கியவர்களுக்குச் சீக்கிரமே பழகிப்போகும் சத்தம் ஒன்று உண்டு. வேகம் அறுபதைத் தாண்டினால் அடியிலிருந்து 'ஊம்ம்' என்று ஓர் உறுமல். ஒர்க்‌ஷாப்பில் காட்டினால், "வீல் பேரிங் போச்சு அண்ணாச்சி, மாத்திருவோம்" என்பார்கள். (சக்கரம் அச்சில் உரசாமல் சுற்றுவதற்கான உருளை வளையம்தான் பேரிங்.) மாற்றியும் விடுவார்கள். சில மாதத்தில் அதே வீலில் அதே சத்தம் திரும்பி வரும். அப்போது பழியெல்லாம் பேரிங் கம்பெனி தலையில் விழும்.

ஒழுங்காக மாட்டி, கிரீஸ் பார்த்து வந்த பேரிங் லட்சம் கிலோமீட்டர் ஓடுவது பெரிய விஷயமே இல்லை. அதற்கு வெகு முன்னாலேயே போகிறது என்றால் ஏதோ ஒன்று அதைக் கெடுக்கிறது. தண்ணீர், மணல், தப்பான இறுக்கம், தப்பான சுத்தியல் அடி: நம் ஊரில் பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றுதான். எது என்று தெரியாமல் புதுசு மாட்டுவது, முள்ளைப் பிடுங்காமல் பஞ்சர் ஒட்டுவது மாதிரி.

சத்தம் பேரிங்கில்தானா?

டயர், கிரவுன் பினியன், டிரான்ஸ்பர் கேஸ் எல்லாமே உறுமும். ஃபோர் பை ஃபோர் வண்டியில் சுற்றுகிற சாமான் அதிகம் என்பதால் குழப்பமும் அதிகம். நாங்குநேரி நால்வழிச் சாலை மாதிரி காலியான, நேரான ரோட்டில் காலை வேளையில் சோதித்துப் பாருங்கள். (ஆனி, ஆடியில் பணகுடிப் பக்கம் போய்ச் சோதிக்க வேண்டாம். கணவாய்க் காற்றில் காற்றாலை சுற்றுகிற சத்தம்கூடக் கேட்காது.) சத்தம் வரும் வேகத்தில் கியரை நியூட்ரலுக்கு எடுங்கள். இன்ஜின் சுற்று இறங்கியும் உறுமல் அப்படியே இருந்து, வண்டியின் வேகத்தோடு மெதுவாக மெதுவாகத்தான் குறைகிறது என்றால் சத்தம் சக்கரத்தோடு சேர்ந்தது. தார் ரோடு மாறி சிமெண்ட் ரோடு வந்ததும் சத்தத்தின் சுதி மாறினால் டயரைச் சந்தேகப்படுங்கள். பேரிங்குக்கு ரோடு எதுவானாலும் ஒன்றுதான்.

அடுத்து, பின்னால் யாரும் வராதபோது ஸ்டீயரிங்கை மிதமாக வலது, இடது என்று திருப்பிப் பாருங்கள். வலப்பக்கம் வளையும்போது பாரம் இடப்பக்கச் சக்கரங்கள் மேல் சாயும். அப்போது உறுமல் கூடினால் இடப்பக்கம், குறைந்தால் வலப்பக்கம். இது நூற்றுக்கு நூறு சரியாக வராது. எந்த வீலை முதலில் தூக்குவது என்று முடிவெடுக்க இது போதும்.

வீட்டில் சமதளத்தில் வண்டியை நிறுத்தி, தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, சந்தேகப்படும் வீலை ஜாக்கியில் தூக்குங்கள். ஆக்சிலுக்கு அடியில் ஸ்டாண்டு கொடுத்த பிறகுதான் கை வைக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் நுழைகிறவர்களை இன்றைக்கும் பார்க்கிறோம். செங்கல்லை ஸ்டாண்டாக வைப்பது அதைவிட மோசம், பாரம் ஏறினால் ஒரே நொடியில் நொறுங்கும்.

டயரைக் கடிகாரத்தில் 12-ம் 6-ம் இருக்கும் இடத்தில் பிடித்து ஆட்டுங்கள். 'டக் டக்' என்று ஆட்டம் இருந்தால், இன்னொருவரை பிரேக்கை மிதித்துப் பிடிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங். நிற்காவிட்டால் சக்கரம் திரும்பும் மூட்டான கிங்பின்னோ பால் ஜாயிண்டோ, பேரிங்கைத் தொட வேண்டியதில்லை. 3-லும் 9-லும் பிடித்தால் ஸ்டீயரிங் ராடின் ஆட்டமும் சேர்ந்து வந்து குழப்பும். பிறகு சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டு, இன்னொரு கையைச் சுருள் ஸ்பிரிங் மேலோ நக்கிள் மேலோ வையுங்கள். கெட்ட பேரிங்கின் நறநறப்பு காதுக்குக் கேட்கும் முன்பே விரலுக்குத் தெரியும். முன் வீலில் ஃப்ரீ வீல் ஹப் (ஆக்சிலைச் சக்கரத்திலிருந்து விடுவிக்கும் பூட்டு) இருந்தால் 'ஃப்ரீ'யில் வைத்துச் சுற்றுங்கள், இல்லாவிட்டால் ஆக்சிலும் சேர்ந்து சுற்றி ஏமாற்றும்.

இன்னொரு அறிகுறியைப் பலர் பிரேக் கோளாறு என்று நினைத்துவிடுவார்கள். டிஸ்க் பிரேக் வண்டியில் பேரிங் ஆடினால் டிஸ்க்கும் ஆடும், ஆடி ஆடி பேடைப் பின்னுக்குத் தள்ளிவிடும். மேடுபள்ளம் கடந்து முதல் மிதியில் பெடல் ஆழமாகப் போய், இரண்டாவது மிதியில் சரியாக நிற்கும்.

நம் பக்கத்தில் பேரிங்கைக் கெடுப்பவை

முதல் குற்றவாளி தண்ணீர். வண்டி ஓடும்போது ஹப் (பேரிங் உட்கார்ந்திருக்கும் சக்கரக் குடம்) சூடாக இருக்கும், உள்ளே உள்ள காற்று விரிந்திருக்கும். மாஞ்சோலையிலிருந்து பிரேக் பிடித்துப் பிடித்து இறங்கி வந்து, அந்தச் சூட்டோடு மணிமுத்தாற்றிலோ தாமிரபரணித் துறையிலோ வண்டியை இறக்கிக் கழுவுகிறோம் இல்லையா, அந்த நேரத்தில் ஹப் சட்டென்று குளிர்கிறது. உள்ளிருக்கும் காற்று சுருங்கி, ஆயில் சீல் என்ற ரப்பர் வளையத்தின் உதட்டு வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்கிறது. சீல் புதுசாக இருந்தால்கூடத் தப்பும் என்று சொல்ல முடியாது. கன்னடியன் கால்வாய்ப் பாசன ஊர்களில் நடவு நேரத்தில் வாய்க்காலுக்குள் இறங்கி ஏறும் வண்டிகளுக்கும் இதே கதைதான். தண்ணீரில் இறங்கத்தான் வேண்டும் என்றால் அரை மணி நேரம் நிறுத்தி ஆறவிட்டு இறங்குங்கள். வாட்டர் சர்வீஸில் பிரஷர் குழாயை ஹப்புக்கு நேராகப் பிடிக்க விடாதீர்கள்.

இதோடு சேர்ந்தது ஆக்சில் பிரீதர். ஆக்சில் கூட்டின் மேல் ஒரு சின்ன மூச்சுக்குழாய் இருக்கும். அது சேற்றில் அடைத்துக்கொண்டால், சூட்டில் உள்ளே அழுத்தம் ஏறி கியர் ஆயில் சீலைத் தாண்டி ஹப்புக்குள் வந்து கிரீஸைக் கரைத்துவிடும். தண்ணீரில் இறங்கிக் குளிர்ந்தால் எதிர்ப்பக்கமாகத் தண்ணீரை இழுக்கும். பேரிங் மாற்றும் அன்றைக்கு இதைக் கழற்றி ஊதிப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை, முக்கால்வாசிப் பேர் செய்வதில்லை.

பழைய வண்டி வாங்குகிறவர்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் இந்த வண்டி எங்கே நின்றது? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் கிட்டத்தட்ட 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை அது. நெல்லை ஜங்ஷன் முதல் ஆற்றோர ஊர்கள் வரை தண்ணீரில் நின்ற வண்டிகள் ஏராளம். இன்ஜின் ஆயில் மாற்றியிருப்பார்கள், சீட்டைக் காயவைத்திருப்பார்கள். ஹப்பைத் திறந்து பார்க்க யாருக்கும் தோன்றாது. உள்ளே புகுந்த தண்ணீர் ரோலர் தொட்டிருந்த கோட்டில் துருவைப் பிடிக்கவைக்கும். அந்தத் துரு மெல்லக் குழியாகி உறுமத் தொடங்க மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் வண்டி கைமாறியிருக்கும்.

அடுத்தது மணல். பழைய நெல்லைச் சீமையின் குதிரைமொழித் தேரிச் செம்மண் மாவு மாதிரி மெல்லியது. தேய்ந்த சீலுக்குள் சாதாரணமாக நுழையும். கடற்கரை இன்னும் மோசம். உவரி, இடிந்தகரை, கூட்டப்புளிப் பக்கத்து மணலில் கார்னெட் கலந்திருக்கிறது. உப்புத்தாள் செய்யவும், இரும்பை மணல் வீசித் தேய்க்கவும் பயன்படும் அதே கார்னெட்தான். அது கிரீஸில் கலந்தால் பேரிங்குக்குள் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. கூடவே உப்புக்காற்றும் இருக்கிறது.

அந்த நான்கில் சேராத இன்னொன்று நாமே வாங்கிக்கொள்வது: டயர் வெளியே பிதுங்கி நிற்பதற்காக ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவில் போடும் ஸ்பேசரும், ஆஃப்செட் மாறிய அகல ரிம்மும். வண்டியின் பாரம் இரண்டு பேரிங்குக்கும் நடுவில் இறங்கும்படிதான் ஹப்பை வடிவமைத்திருக்கிறார்கள். சக்கரத்தை வெளியே தள்ளினால் அந்தப் பாரம் நெம்புகோலாக மாறி வெளிப் பேரிங்கை நசுக்கும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். பேரிங் அடிக்கடி போகிறது என்றால் முதலில் கழற்ற வேண்டியது ஸ்பேசரைத்தான்.

கழற்றுவது

இங்கே சொல்வது பழைய ஜீப் ரக முன் ஹப்புக்கு, அதாவது இரண்டு டேப்பர் ரோலர் பேரிங்கும் இரட்டை நட்டும் உள்ள அமைப்புக்கு. புதிதாகப் பழகுகிறவர்கள் வீட்டிலேயே செய்யக்கூடியது இது. டார்க் ரெஞ்சைத் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) தவிர ஒரே ஒரு விசேஷக் கருவி தேவை: ஹப் நட்டுக்கு ஏற்ற பாக்ஸ் ஸ்பேனர். அதை வாங்காமல் வேலையைத் தொடங்காதீர்கள். உளியை வைத்து நட்டைத் தட்டித் தட்டித் திருப்புகிற பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. நட்டின் முனை சிதையும், இரும்புத் துணுக்கு பேரிங்குக்குள் விழும், எவ்வளவு இறுக்கினோம் என்பதும் தெரியாது. மேலே சொன்ன நான்கு குற்றவாளிகளில் இரண்டு பேர் இதில் மட்டும் வந்துவிடுகிறார்கள்.

வீல் நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே இளக்குங்கள். தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, வீலைக் கழற்றுங்கள். டிஸ்க் வண்டி என்றால் காலிப்பரைக் கழற்றிக் கம்பியில் கட்டித் தொங்கவிடுங்கள், பிரேக் ஹோஸில் தொங்கக்கூடாது. டிரம் வண்டியில் பிரேக் ஷூவின் அட்ஜஸ்டரை இளக்கினால்தான் டிரம் எளிதில் வரும். பிரேக் தூசியை ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். அது நுரையீரலுக்கு நல்லதல்ல.

டிரைவ் ஃப்ளாஞ்சையோ ஃப்ரீ வீல் ஹப்பையோ, சர்க்ளிப் எடுத்து வெளியே இழுங்கள். வரிசை மாறாமல் ஒரு பேப்பரில் அடுக்கிவிடுங்கள், அல்லது செல்போனில் ஒவ்வொரு படியையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். லாக் வாஷரின் மடிப்பை நிமிர்த்தி வெளி நட், வாஷர், உள் நட் என்று எடுங்கள். ஹப்பை இழுக்கும்போது வெளிப் பேரிங் முதலில் வழுக்கி வரும். ஒரு கையால் தாங்கிக்கொள்ளாவிட்டால் மண்ணில் விழும். பின்பக்க ஆயில் சீலை நெம்பி எடுத்தால் உள் பேரிங் வரும். சீலைத் திரும்பப் போடும் எண்ணம் வேண்டாம்.

பழையதைத் தூக்கி எறியும் முன்

இந்த வேலையில் மிக முக்கியமான பத்து நிமிடம் இதுதான். கழுவுவதற்கு முன் கிரீஸைப் பாருங்கள். பால் ஊற்றிய காபி நிறத்தில் வெளுத்துக் கிடந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. கறுத்துத் தண்ணீராய் ஓடி கியர் ஆயில் வாடை அடித்தால் ஆக்சில் சீல் போயிருக்கிறது. கொஞ்சம் எடுத்து இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துப் பாருங்கள், மணல் இருந்தால் நறநறக்கும்.

பிறகு மண்ணெண்ணெயிலோ டீசலிலோ கழுவித் துணியால் துடையுங்கள். கம்ப்ரசர் காற்றால் பேரிங்கைச் சுழற்றி விளையாட வேண்டாம், ரோலர்களைப் பிடித்திருக்கும் கூண்டு உடைந்து ரோலர் தெறிக்கும். துடைத்த கப்பை (பேரிங்கின் வெளிவளையம்) வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ரோலர்கள் நின்ற அதே இடைவெளியில் பழுப்புக் கோடுகள் வரிசையாகத் தெரிந்தால், வண்டி ஈரத்தோடு நீண்ட நாள் நின்றிருக்கிறது. மேற்பரப்பு பொருக்குப் பொருக்காகப் பெயர்ந்திருந்தால் உலோகம் சோர்ந்துவிட்டது. உண்மையிலேயே வயதானதா, அதிகப் பாரமா என்று யோசிக்க வேண்டும். நீலம் பாரித்திருந்தால் சூடு: நட்டை அதிகம் இறுக்கியிருப்பார்கள், அல்லது கிரீஸ் இல்லாமல் ஓடியிருக்கும். எல்லா இடமும் மங்கலாக, பளபளப்பு போய்ச் சாம்பல் நிறமாக இருந்தால் மணல் அரைத்திருக்கிறது. கப்பில் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் கப் கோணலாக உட்கார்ந்திருக்கிறது, போன முறை சுத்தியல் பிடித்தவரின் கைவண்ணம்.

ஸ்பிண்டிலையும் (பேரிங் ஏறி நிற்கும் அச்சு) தடவிப் பாருங்கள். கோன் (ரோலர்கள் உள்ள உள்வளையம்) நழுவிச் சுற்றியிருந்தால் அங்கே பள்ளமோ நீலக் கறையோ இருக்கும். ஆழமாக இருந்தால் எத்தனை புதுப் பேரிங் போட்டாலும் நிற்காது, ஸ்பிண்டிலை மாற்ற வேண்டும். சீல் உதடு உரசும் இடத்தில் நகம் மாட்டும் அளவு வரிப்பள்ளம் இருந்தால் புதுச் சீலும் கசியும்.

வாங்குவது

பழைய பேரிங்கின் முகத்தில் எண் பொறித்திருக்கும். கப்பில் ஒன்று, கோனில் ஒன்று. வில்லீஸ் ஜீப் காலத்து முன் ஹப்பில் 18590 கோன், 18520 கப். மற்ற வண்டிகளுக்கு மாடல் பெயரைச் சொல்லி வாங்காமல் கழற்றியதைக் கையில் கொண்டுபோய் எண்ணைப் பார்த்து வாங்குங்கள். இடையில் யாரோ ஹப்பையே மாற்றியிருக்கலாம். கப்பும் கோனும் ஒரே செட்டாக, இரண்டு பேரிங்கும், சீலும், லாக் வாஷரும் சேர்த்து வாங்க வேண்டும். 'கப் நல்லாத்தான இருக்கு, கோனை மட்டும் போடுவோம்' என்பது அடுத்த கோளாறுக்குப் போடும் பிள்ளையார் சுழி.

போலி பேரிங் நிறையப் புழங்குகிறது. பெட்டி அச்சு மங்கலாக இருந்தாலோ, விலை நம்ப முடியாத அளவு குறைந்தாலோ விட்டுவிடுங்கள். எஸ்கேஎஃப் மாதிரி கம்பெனிகள் பெட்டியையும் பேரிங்கையும் படம் எடுத்து அனுப்பிச் சரிபார்க்கச் செயலியே வைத்திருக்கின்றன. கிரீஸுக்கு, நம் கடைகளில் ஏபி 3 என்று கேட்டால் கிடைக்கும் லித்தியம் கிரீஸ் போதும். சேசிஸுக்கு அடிக்கும் மலிவு கிரீஸ் ஹப் சூட்டில் உருகி பிரேக்கில் வழியும். பழைய கிரீஸோடு வேறு ரகத்தைக் கலக்கவும் கூடாது, முழுதாகக் கழுவிவிட்டுத்தான் புதுசு.

மாட்டுவது

பழைய கப்பை ஹப்பின் உள்ளிருந்து பித்தளை உளியால் இந்தப் பக்கம் ஓர் அடி, எதிர்ப்பக்கம் ஓர் அடி என்று தட்டி வெளியேற்றுங்கள். புதுக் கப்பை ஒரு மணி நேரம் ஃப்ரீசரில் வைத்தால் கொஞ்சம் சுருங்கி எளிதாக இறங்கும். ஹப்பை வெயிலில் வைத்துவிடுங்கள், அதற்குத்தான் நம் ஊரில் பஞ்சமில்லையே. கப்பின் அகல வாய் வெளியே பார்க்க வேண்டும். அடிக்கும் கருவியாகப் பழைய கப்பையே பயன்படுத்தலாம். அதன் வெளிவட்டத்தைக் கிரைண்டரில் லேசாகத் தேய்த்துக்கொண்டால் உள்ளே சிக்காது. கோணாமல் சுற்றிச் சுற்றித் தட்டுங்கள். அடியில் முட்டியதும் சத்தம் சட்டென்று கெட்டியாக மாறும். மாறாவிட்டால் அது இன்னும் உட்காரவில்லை.

கிரீஸை உள்ளங்கையில் எடுத்து, கோனின் அகலப் பக்க விளிம்பை அதில் அழுத்தி அழுத்தி இழுங்கள். எதிர்ப்பக்கத்தில் ரோலர்களுக்கு நடுவே கிரீஸ் பிதுங்கி வர வேண்டும். மேலே பூசிவிட்டால் போதாது. ஹப்பின் உள் குழியை முழுதும் நிரப்ப வேண்டாம், பாதிக்கும் கீழே போதும். அதிகமானால் சூடேறி சீல் வழியே வெளியே வரும். உள் பேரிங்கை வைத்து, சீலைப் பலகைக்கட்டை வைத்துச் சமமாக இறக்கி, அதன் உதட்டில் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள்.

ஹப்பை ஏற்றி, வெளிப் பேரிங்கை வைத்து, உள் நட்டைத் திருகுங்கள். இனி அவசரப்படக் கூடாது. ஹப்பைக் கையால் சுற்றிக்கொண்டே ஏறக்குறைய 65 முதல் 70 நியூட்டன் மீட்டர் வரை டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். ரோலர்கள் தம் இடத்தில் உட்காரத்தான் இந்த இறுக்கம், ஓடுவதற்கு அல்ல. பிறகு நட்டை ஆறில் ஒரு சுற்றிலிருந்து கால் சுற்றுக்குள் பின்னால் இளக்குங்கள். உங்கள் வண்டிக் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதுதான் சட்டம். லாக் வாஷர் போட்டு வெளி நட்டை இறுக்குங்கள். வெளி நட்டை இறுக்கும்போது உள் நட்டும் ஒரு துளி உள்ளே தள்ளப்படும். அதனால் இறுக்கிய பிறகு மறுபடி ஆட்டிப் பார்க்க வேண்டும். ஹப் தடையில்லாமல் சுற்ற வேண்டும், உள்ளே வெளியே அசைவு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது. டயல் கேஜ் இல்லாதவர்களுக்கு: கைக்கு மட்டும் லேசாகத் தெரியலாம், 'டக்' என்று கேட்கக்கூடாது. சரியாக வரும்வரை இளக்கி மறுபடி செய்யுங்கள். "ஆடாம இருக்கணும்லா, நல்லா முறுக்கிருதேன்" என்று சொல்கிறவரிடமிருந்து ஸ்பேனரை வாங்கிக்கொள்ளுங்கள். டேப்பர் பேரிங் இளகி ஓடுவதைவிட இறுகி ஓடினால்தான் வேகமாக எரியும்.

கடைசியில் வாஷர் காதை நட்டின் தட்டைப் பக்கத்தில் நன்றாக மடியுங்கள். வீல் நட்டுகளை நட்சத்திர வரிசையில் இறுக்குங்கள்.

புது ரக வண்டிகளில் அட்ஜஸ்ட் செய்ய எதுவும் இல்லாத முழு ஹப் யூனிட்டோ, பிரஸ்ஸில் ஏற்றும் பேரிங்கோ இருக்கும். யூனிட்டை போல்ட் கழற்றி மாற்றலாம், ஆனால் ஆக்சில் நட்டைப் புதிதாக வாங்கி, கையேட்டில் சொன்ன டார்க்கில் ரெஞ்சால் இறுக்க வேண்டும், இம்பாக்ட் கன்னால் அல்ல. அந்த நட் இறுகாமல் வண்டியைத் தரையில் இறக்கினால் புதுப் பேரிங் அன்றைக்கே கெடலாம். பிரஸ் வேலை என்றால் லேத் பட்டறையில் நின்று பாருங்கள். நக்கிளுக்குள் ஏற்றும்போது வெளிவளையத்தை மட்டும் அழுத்த வேண்டும், ஹப்பை நுழைக்கும்போது உள்வளையத்துக்குத் தாங்கல் வேண்டும். மாற்றி அழுத்தினால் ரோலரோ பாலோ பள்ளம் பதித்துவிடும். ஏபிஎஸ் (பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள பல வண்டிகளில் பேரிங்கின் ஒரு பக்கச் சீலிலேயே காந்த வளையம் இருக்கும். அது சென்சார் பக்கம் பார்க்காவிட்டால் டேஷ்போர்டில் விளக்கு எரியும், எல்லாவற்றையும் மறுபடி கழற்ற வேண்டும்.

முதல் ஓட்டமாகப் பத்து கிலோமீட்டர் போய்வந்து, பிரேக்கை அதிகம் பிடிக்காமல் நிறுத்தி, இரண்டு பக்க ஹப்பையும் தொட்டு ஒப்பிடுங்கள். இளஞ்சூடு சரி. கை வைக்க முடியாவிட்டால் நட்டைத் திரும்பப் பாருங்கள். நூறு கிலோமீட்டரில் மறுபடி தூக்கி 12-6 ஆட்டிப் பார்த்து, வீல் நட்டுகளையும் ஒரு முறை சரிபார்த்துவிடுங்கள். வயல், ஆறு, கடற்கரை என்று போகிற வண்டிக்கு வருடம் ஒரு முறை, ஐப்பசி மழைக்கு முன், ஹப்பைத் திறந்து கிரீஸ் மாற்றுவது நல்லது. ஆழத் தண்ணீரில் இறங்கி நின்றிருந்தால் வருடத்துக்குக் காத்திருக்காமல் அந்த வாரமே திறந்துவிடுங்கள். மாஞ்சோலை, ஊத்து, குதிரைவெட்டி என்று வனத்துறை அனுமதி வாங்கி மேலே போகிறவர்கள், ஒரு செட் பேரிங், சீல், வாஷர், கிரீஸ் டப்பா, அந்த பாக்ஸ் ஸ்பேனர் ஐந்தையும் சீட்டுக்கு அடியில் போட்டுக்கொள்ளுங்கள். மணிமுத்தாறு செக்போஸ்ட்டைத் தாண்டினால் ஸ்பேர் கடை கிடையாது.